கித்தார் ஒலியின் வன்மையும் கடுமையும்

மின்கித்தார் நம் ஆலயங்களிலும் கல்லூரி இசைக்குழுக்களிலும் இடம் பெற்று நெடுங்காலமாயிற்று. இளைஞர் அதனை விரும்புகின்றனர். முதியோர் பலர் பொறுத்துக்கொள்கின்றனர். ஆயினும் ஒரு பாட்டைப் பதிவு செய்து மீண்டும் கேட்கும் வேளையில் இவ்விரு சாராரும் குறை கூறுவதில் ஒன்றுபட்டு விடுகின்றனர். நேரிற் கேட்டபொழுது இனிதாயிருந்த கித்தார், பதிவிற் கேட்கும்பொழுது தகரத்தைக் கீறினாற்போலக் காதைக் குத்துகின்றது. அன்றேல், குடத்தினுள்ளிருந்து பேசுவார் குரல்போல் உள்ளீடற்று மெலிந்து ஒலிக்கின்றது. உடனே தீர்ப்பு வழங்கப்பெறுகின்றது. "இக்கருவி இயல்பிலேயே முரடானது, ஆலயப் பாட்டுக்கு ஆகாது" என்பர் ஒரு சாரார். "நம்மிடம் உயர்ந்த சாதனங்கள் இல்லை, மேல்நாட்டார்போல் நாம் செய்தல் இயலாது" என்பர் மற்றொரு சாரார்.

இவ்விரு தீர்ப்பும் பிழை என்பது எம் கருத்து. குற்றம் பெரும்பாலும் கருவியிலும் இல்லை, பணக்குறைவிலும் இல்லை. ஒலிபெருக்கிப் பெட்டியின் முன் மைக் வைத்த இடத்தில் இருக்கின்றது. இடத்திற் பிறந்த குற்றத்தை இடத்திலேயே தீர்த்தல் வேண்டும். அதனை அங்ஙனமே விட்டுவிட்டுப் பின்னர்த் திருகுகளைத் திருகித் தீர்க்க முயல்வது வீணுழைப்பு. இதனை இயன்றவரை நிறுவுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தமிழ் பயில்வார்க்கு ஒலிப்பதிவில் என்ன வேலை என்று சிலர் வினவக்கூடும். ஒலி பிறக்கும் இடத்தை ஆராய்ந்தோர் வரிசையில் நம் முன்னோர் பிற்பட்டவர் அல்லர். தொல்காப்பிய எழுத்ததிகாரத்தின் மூன்றாம் இயலுக்குப் பிறப்பியல் என்றே பெயர். உள்ளிருந்து எழும் காற்று ஒன்றே. அது தலை, மிடறு, நெஞ்சு, பல், இதழ், நா, மூக்கு, அண்ணம் என்னும் எண்வகை உறுப்புக்களைச் சார்ந்து வெவ்வேறு எழுத்தாகின்றது என்பது அவ்வியலின் கருத்து. நா ஒரு விரற்கிடை முன்னோ பின்னோ சென்றால் எழுத்தே மாறிவிடுகின்றது. கித்தார்ப் பெட்டியின் முன் நிற்கும் மைக்கும் இத்தகையதே. பெட்டியினின்று வரும் ஒலி ஒன்றாயினும், மைக் ஒரு விரற்கிடை நகர்ந்தால் பதிவாகும் ஒலி வேறாகின்றது.

இலக்கணம் மற்றுமோர் உண்மையையும் நமக்குக் கற்பிக்கின்றது. க, ச, ட, த, ப, ற என்னும் ஆறனையும் வல்லினம் என்று வகுத்தனர். குற்றவினம் என்று வகுக்கவில்லை. வன்மை ஒரு குணம். வல்லெழுத்தே இல்லாத மொழி எலும்பில்லாத உடம்பாகும். அங்ஙனமே மின்கித்தாரின் முழக்கத்தில் உள்ள வன்மை அக்கருவி விரும்பி ஏற்ற குணம். 1930-களில் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்த மின்கித்தார், ஏனைக் கருவிகளோடு நின்று கேட்கப்படும் அளவுக்கு ஒலியைப் பெருக்கும் பொருட்டே தோன்றியது. பின்னர் வந்தோர் ஒலிபெருக்கியை அதன் எல்லைக்கு மேலும் உழைக்கவைத்து, அதனாற் பிறக்கும் சிதைவையே ஓர் அழகாகக் கொண்டனர். 1964-ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் கின்க்ஸ் குழுவினர் வெளியிட்ட 'யூ ரியலி காட் மீ' என்னும் பாட்டுக்கு, அக்குழுவின் கித்தார்க் கலைஞர் டேவ் டேவிஸ் தம் சிறு ஒலிபெருக்கியின் கூம்பைச் சவர அலகாற் கீறி அக்கரகரப்பை உண்டாக்கினார். அஃது அவர் விரும்பிய வன்மை. அவரும் வேண்டாதது, எவரும் வேண்டாதது, கடுமை. கலைஞன் ஆக்காமல் மைக் வைத்தவன் ஆக்கிய குத்தலையே ஈண்டுக் கடுமை என்கின்றோம். வன்மையைக் காத்துக் கடுமையைக் களைதலே ஒலிப்பதிவாளனின் கடமை. இரண்டையும் ஒன்றெனக் கருதிக் கருவியையே வெளியேற்றுவது, களையோடு பயிரையும் பறிப்பதாகும்.

இனிக் கடுமை எங்ஙனம் பிறக்கின்றது என்பதைக் காண்போம். கித்தாருக்கென்று செய்யப்பெறும் ஒலிபெருக்கி பெரும்பாலும் 12 அங்குல விட்டமுள்ள காகிதக் கூம்பு. கித்தாரின் தடித்த தந்தி வினாடிக்கு ஏறத்தாழ 82 அதிர்வுகளை உடையது. அதற்குச் சிறிது கீழ்த் தொடங்கி ஏறத்தாழ 5,000 அதிர்வு வரையிலுமே இக்கூம்பு செவ்வையாக ஒலிக்கும்; அதற்கு மேல் விரைந்து தேய்ந்துவிடும். தாழ்ந்த ஒலிகளைக் கூம்பு நாற்புறமும் பரப்புகின்றது. உயர்ந்த ஒலிகளையோ அது விளக்கொளிக் கற்றைபோல் நேர்முன்னே குவித்து எறிகின்றது. காரணம் எளிது. 3,000 அதிர்வுடைய ஒலியின் அலைநீளம் 11 சென்டிமீட்டர் அளவே. கூம்பின் அகலமோ அதனினும் இருமடங்குக்கு மேற்பட்டது. அலையினும் அகன்ற வாயினின்று வெளிப்படும் ஒலி பரவாது, கற்றையாகவே செல்லும்.

வாசிப்பவன் நிற்கும் இடத்தை இதனோடு சேர்த்து நோக்குக. பெட்டி தரையில் இருக்கின்றது. அவன் செவியோ ஐந்தரை அடி உயரத்தில் இருக்கின்றது. கற்றை அவன் முழங்காலைத் தாக்கிச் செல்ல, அதன் ஓரத்து மங்கிய ஒலியே அவன் செவியை எட்டுகின்றது. ஒலி மங்கியிருக்கின்றதென்று கருதி அவன் உச்ச ஒலித் திருகை மேலும் திருப்புகின்றான். மைக்கோ கூம்பின் நடுமையத்துக்கு நேரே, அக்கற்றையின் வாயிலேயே நிறுத்தப்பெற்றிருக்கின்றது. வாசித்தவன் ஒருபோதும் கேட்டிராத ஈட்டி முனையை மைக் முழுதும் வாங்கிக்கொள்கின்றது. பதிவைக் கேட்டு அவன் திகைப்பதில் வியப்பென்ன?

இத்துடன் மைக்கின் இயல்பும் சேர்கின்றது. ஷூர் நிறுவனத்தார் 1965-ஆம் ஆண்டில் வெளியிட்ட எஸ்.எம்.57 என்னும் மைக் இன்றும் உலகெங்கும் கித்தார்ப் பெட்டிகளின் முன் நிற்கின்றது. விலை மிகுதியில்லாததும் உறுதியானதும் ஆகிய நற்கருவி அது. எனினும் 5,000, 6,000 அதிர்வுகளைச் சூழ்ந்த பகுதியை அது சற்று மேடாக்கியே தரும். பேச்சுக்கும் பாட்டுக்கும் தெளிவு தரும் அம்மேடு, கூம்பின் கற்றையோடு கூடும்பொழுது குத்தலை மிகுவிக்கின்றது. இனி, நம் செவியும் இதற்குத் துணைபோகின்றது. செவித்துளை ஏறத்தாழ இரண்டரைச் சென்டிமீட்டர் நீளமுள்ள ஒரு சிறு குழல். அக்குழல் 3,000 அதிர்வையடுத்த ஒலிகளைத் தானே உயர்த்திக் காட்டும். 1933-ஆம் ஆண்டில் ஃபிளெட்சர், மன்சன் என்னும் அமெரிக்க ஆராய்ச்சியாளர் இருவர் வெளியிட்ட செவியுணர்வு அளவைகளும் செவி மிகக் கூர்மையாயிருப்பது இப்பகுதியிலேயே என்று காட்டின. ஆகவே கூம்பு குவிக்க, மைக் உயர்த்த, செவி கூர்ந்து ஏற்கக் கடுமை மும்மடங்காகின்றது.

இதற்கு மருந்து யாது? மைக்கை நகர்த்துதலே. கூம்பின் நடுவில் குமிழ்போன்ற ஒரு மூடி உண்டு. அம்மூடியின் மையத்துக்கு நேரே ஒலி மிகக் கூர்மை. கூம்பின் வெளிவிளிம்பை நோக்கிச் செல்லச் செல்ல ஒலி மழுங்கும். மூடியும் கூம்பும் கூடும் வட்ட விளிம்புக்கு நேரே தொடங்குவது நன்று. பெட்டியின் முன்துணி கூம்பை மறைக்குமாயின், கைவிளக்கைத் துணியோடு ஒட்டிப் பிடித்தால் மூடியின் இடம் புலனாகும். அங்கிருந்து இரண்டு சென்டிமீட்டர் வெளியே நகர்த்திக் கேட்க வேண்டும். பின்னும் இரண்டு நகர்த்திக் கேட்க வேண்டும். இரண்டாவது வழி, மைக்கை நேர்முகமாக வையாது 30 முதல் 45 பாகை வரை சாய்த்தல். மூன்றாவது வழி, தூரத்தை மாற்றுதல். முன்துணியை ஒட்டிய மைக், அண்மையின் காரணமாகவே தாழ்ந்த ஒலிகளை மிகையாக்கும். அதனைப் பத்துச் சென்டிமீட்டர் பின்னே இழுத்தால் அம்மிகை தணியும். இம்மூன்றும் செய்த பின்னரே பெட்டியின் உச்ச ஒலித் திருகைத் தொடுதல் தகும். அதனைத் தொடும்பொழுதும், வாசிப்பவன் தன் செவிக்கு வந்ததைக் கொண்டு முடிவு செய்யாது, மைக் வழியே வந்ததைக் கேட்டு முடிவு செய்தல் வேண்டும். கூம்பு முழுவலியோடு முழங்குகையில் செவியை அதன் வாயில் வைத்து ஆராய்வது மட்டும் ஆகாது. கெட்ட பதிவை மீண்டும் செய்துகொள்ளலாம், கெட்ட செவியை மீண்டும் பெறுதல் அரிது.

இதுகாறும் கூறியது ஒரு மைக்கைப் பற்றியது. ஒன்று போதாதென்று இரண்டு வைக்கும்பொழுது வேறொரு தொல்லை தோன்றுகின்றது. ஒன்று கூர்மையைத் தரும், மற்றொன்று பருமையைத் தரும், இரண்டையும் கலந்தால் நிறைவு கிடைக்கும் என்பது எண்ணம். எண்ணம் நல்லதே. எஸ்.எம்.57-ஓடு, 1998-இல் வெளிவந்த ராயர் ஆர்.121 போன்ற மென்மையான ரிப்பன் மைக்கைக் கூட்டி வைக்கும் வழக்கம் மேல்நாட்டு ஒலிப்பதிவு நிலையங்களிற் பெரிதும் காணப்படுகின்றது. ஆயின் இடமறிந்து வையாவிடின் இரண்டும் கூடி ஒன்றினும் குறைந்ததாகிவிடும்.

அசைவற்ற குளத்தில் இரு கற்களை அருகருகே எறிந்தால் எழும் வளையங்களை நோக்குக. ஒன்றன் மேடும் மற்றொன்றன் மேடும் சேருமிடத்தில் நீர் இருமடங்கு எழும்புகின்றது. மேடும் பள்ளமும் சேருமிடத்தில் நீர் அசைவற்று நின்றுவிடுகின்றது. ஒளியும் இத்தகைய அலையே, ஒளியோடு ஒளி கூடி இருளாதலும் உண்டு என்று இங்கிலாந்தின் தாமஸ் யங் 1801-ஆம் ஆண்டில் எடுத்து விளக்கினார். ஒலிக்கும் இதுவே விதி. ஓர் அலை தன் ஏற்ற இறக்கச் சுழற்சியில் எந்நிலையில் இருக்கின்றது என்பதை அதன் கட்டம் என்பர். ஒரே கூம்பின் ஒலி இரு மைக்குகளை வெவ்வேறு கட்டத்தில் எட்டுமாயின், அவற்றைக் கலக்குமிடத்தில் சில ஒலிகள் பெருகும், சில மறையும்.

எவை பெருகும், எவை மறையும் என்பதைக் கணக்கிட்டே கூறலாம். 20 பாகை வெப்பத்தில் ஒலி வினாடிக்கு ஏறத்தாழ 343 மீட்டர் செல்லும். ஒரு மைக் மற்றொன்றினும் 10 சென்டிமீட்டர் பின்னே நிற்பதாகக் கொள்வோம். 1,715 அதிர்வுடைய ஒலிக்கு அப்பத்துச் சென்டிமீட்டர் சரியாக அரை அலை. ஆகவே ஒன்றில் மேடு வரும்பொழுது மற்றொன்றில் பள்ளம் வரும். இரண்டும் சம அளவில் இருப்பின் அவ்வொலி அறவே அழியும். அவ்வாறே 5,145-இலும் 8,575-இலும் அழியும். இடைப்பட்ட 3,430-இலோ முழு அலை பொருந்துவதால் ஒலி 6 டெசிபெல் உயரும். சீப்பின் பற்களும் இடைவெளிகளும்போல் மேடு பள்ளங்கள் மாறிமாறி வரும். கித்தாரின் சதைப்பற்று இருக்கும் 1,715-இல் பள்ளம். செவி மிகக் கூர்மையாயிருக்கும் 3,430-இல் மேடு! உள்ளீடற்ற மெலிவும் காதைக் குத்தும் கடுமையும் ஒரே பதிவில் எங்ஙனம் சேர்ந்து தோன்றுகின்றன என்று வியப்பார்க்கு இப்பத்துச் சென்டிமீட்டரே விடையாகும். அவ்விடைவெளியை ஒரு சென்டிமீட்டராகக் குறைத்தால் முதற் பள்ளம் 17,150 அதிர்வுக்குச் சென்றுவிடும். அங்கே கித்தார்க் கூம்பு ஒலிப்பதே இல்லை; ஆகவே தீங்கும் இல்லை.

ஒரு மைக் மட்டும் வைத்தாலும் இத்தொல்லை முற்றும் நீங்கியதாகாது. தரை இரண்டாவது பெட்டியாகிவிடக்கூடும். கூம்பும் மைக்கும் தரையினின்று 30 சென்டிமீட்டர் உயரத்திலும், ஒன்றற்கொன்று 30 சென்டிமீட்டர் தூரத்திலும் இருப்பின், தரையில் மோதி வரும் ஒலி 67 சென்டிமீட்டர் கடந்து வருகின்றது. வேறுபாடு 37 சென்டிமீட்டர். இதனால் 460 அதிர்வையடுத்து 5 டெசிபெல் அளவு பள்ளம் விழும். பெட்டியை ஓர் உறுதியான மேசைமேல் ஏற்றுதலும், மைக்கை அண்மையில் வைத்தலும், தரையில் தடித்த கம்பளம் விரித்தலும் இதனைத் தணிக்கும்.

இரு மைக் வைப்பார்க்கு யாம் கூறும் முறை இது. முதலாவது, ஒரே மைக்கைக்கொண்டு நல்ல ஒலியைப் பெறுக. பெற்றபின் இரண்டாவது வேண்டுமா என்று எண்ணுக, பெரும்பாலும் வேண்டியிராது. வேண்டுமாயின், அதனை முதல் மைக்கின் அருகே, இரண்டின் உட்தகடுகளும் கூம்பினின்று சம தூரத்தில் இருக்குமாறு நிறுத்துக. வலைமூடிகளை ஒரே வரிசையில் வைப்பது போதாது. ஒலியை வாங்கும் தகடு ஒவ்வொரு மைக்கிலும் ஒவ்வோர் ஆழத்தில் இருக்கும். ஆதலின் கண்ணால் அளந்ததைச் செவியாற் சரிபார்த்தல் வேண்டும். அதற்கு எளிய வழி ஒன்று உண்டு. கித்தாரை வாசியாது ஒலிபெருக்கியை மட்டும் இயக்கினால் ஒரு மெல்லிய 'உஸ்' என்னும் இரைச்சல் எழும். இரு மைக்குகளையும் சம அளவில் கலந்து ஒரே தடமாகக் காதணியிற் கேட்டுக்கொண்டு, மிக்ஸரில் ஒன்றன் முனையை மாற்றும் பொத்தானை அழுத்துக. இப்பொழுது ஒரே கட்டத்தில் வருவன ஒன்றையொன்று அழிக்கும். இரண்டாவது மைக்கை முன்னும் பின்னும் மெல்ல நகர்த்தி, இரைச்சல் மிக மெலிந்து தேயும் இடத்தில் நிறுத்துக. பின்னர்ப் பொத்தானைப் பழைய நிலைக்குக் கொணர்க. மிக அழிந்த இடமே மிக நிறையும் இடமாகும். ஐந்து நிமிடத்திற்கு மேற்படாத இவ்வேலை, பின்னர் ஐந்து மணி நேர வேதனையைத் தவிர்க்கும்.

பெட்டியின் பின்புறம் திறந்திருக்குமாயின், அங்கு ஒரு மைக் வைப்பாரும் உளர். கூம்பு முன்னே தள்ளும்பொழுது பின்னே இழுக்கின்றது. ஆகவே பின்புற ஒலி தலைகீழாகவே வரும். அங்கே முனைமாற்றும் பொத்தானை அழுத்தியே வைத்தல் வேண்டும். எனினும் ஒன்றை மறத்தலாகாது: அப்பொத்தான் அலையைத் தலைகீழாக்குமேயன்றி முன்பின் நகர்த்தாது. தூரத்தால் விளைந்த குற்றத்தை அது தீர்க்காது. பள்ளங்களை வேறிடத்துக்கு மாற்றும், அவ்வளவே.

மூன்றுக்கொன்று என்னும் விதியைப் பலர் ஓதக் கேட்டிருக்கின்றோம். பாடகர் இருவர்க்கு இரண்டு மைக் வைக்கும்பொழுது, தன் பாடகருக்கும் மைக்குக்கும் உள்ள தூரத்தினும் மும்மடங்கு தூரத்தில் அடுத்த மைக் இருத்தல் வேண்டும் என்பது அவ்விதி. தனித்தனி ஒலிமூலங்களுக்குத் தனித்தனி மைக் வைக்குமிடத்து அது பொருந்தும். ஏனெனில் மும்மடங்கு தூரத்தில் அயலார் குரல் 9 டெசிபெலுக்கு மேல் தணிந்துவிடும். ஒரே கூம்பின் முன் இரு மைக் வைக்குமிடத்து அது உதவாது. தூரத்து மைக்கின் ஒலி தணிந்ததென்று நாமே அதனை உயர்த்திச் சமமாக்கி விடுகின்றோமன்றோ? உயர்த்தியவுடன் பள்ளங்களும் பழையபடி ஆழமாகின்றன. விதியை அறிவதோடு அது எவ்விடத்துக்கு உரியது என்பதையும் அறிதல் வேண்டும். புணர்ச்சி விதி பயில்வார்க்கு இதனை விரித்துரைக்க வேண்டுவதில்லை.

இனி, எம் கருத்துக்கு மாறாக எழும் தடைகளை ஆராய்வோம். "இக்காலத்தில் கணினி இருக்க இவ்வளவு தொல்லை எதற்கு? ஈக்குவலைசரால் மேட்டைக் குறைத்துப் பள்ளத்தை நிரப்பலாமே" என்பது முதல் தடை. ஈக்குவலைசரை யாம் பழிக்கவில்லை. குத்தும் பகுதியில் இரண்டு மூன்று டெசிபெல் தணிப்பதும், கித்தார்க் கூம்புக்கு வேலையில்லாத 8,000-க்கு மேற்பட்டதை வெட்டுவதும் தக்க செயல்களே. ஆயின் அழிந்துபோன ஒலியை அது உயிர்ப்பிக்காது. பள்ளத்தில் ஒன்றுமில்லை; ஒன்றுமில்லாததைப் பத்து மடங்காக்கினும் ஒன்றுமில்லாததே. எஞ்சியிருக்கும் இரைச்சல்தான் உயரும். பூச்சியரித்த ஏட்டில் எழுத்து இருந்த இடம் ஓட்டையாயின், எவ்வளவு மை தடவினும் எழுத்துத் தோன்றுமோ?

"ஒரு தடத்தைக் கணினியில் நகர்த்திக் கட்டத்தைச் சரிசெய்யலாம்" என்பது இரண்டாவது தடை. இஃது ஓரளவு உண்மை. வினாடிக்கு 44,100 மாதிரிகளாகப் பதியும்பொழுது, ஒரு மாதிரியின் நேரத்தில் ஒலி 7.8 மில்லிமீட்டர் செல்கின்றது. ஆகவே 10 சென்டிமீட்டர் வேறுபாட்டைப் பதின்மூன்று மாதிரிகள் நகர்த்தி ஏறத்தாழத் தீர்க்கலாம். ஆனால் நேரே வந்த ஒலிதான் இதனாற் பொருந்தும். சுவரிலும் தரையிலும் மோதி வந்தது பொருந்தாது. அன்றியும், இரு மைக்குகளும் தனித்தனித் தடத்திற் பதியப்பெற்றிருந்தாலன்றோ நகர்த்துவது? நம் ஆலயங்கள் பலவற்றில் மிக்ஸரிலேயே யாவும் கலந்து ஒரே தடமாகவோ இருதடமாகவோ பதியப்பெறுகின்றன. ஒரே கித்தாரின் ஒலி இரு மைக் வழியே வந்து அங்ஙனம் கலந்தபின், பாலையும் நீரையும் அன்னம் பிரிப்பதுபோல் அவ்விரண்டையும் பிரித்தல் அரிது. பெட்டியும் மைக்கும் இன்றி, அவற்றின் இயல்பை மட்டும் ஒரு கோப்பாக அடக்கிப் பயன்படுத்தும் புதுமுறையும் இவ்விதிக்குப் புறம்பன்று. அத்தகைய கோப்புகள் இரண்டைக் கலந்தாலும், அவற்றைப் பிடித்தபொழுது மைக்குகள் நின்ற தூரம் அவற்றினுள் உறைந்திருக்குமாயின், அதே பள்ளங்கள் தோன்றும்.

"எமக்கு உயர்ந்த மைக் இல்லை" என்பது மூன்றாவது தடை. மேலே கூறியவற்றுள் எதற்கும் பணம் வேண்டியதில்லை என்பதைக் காண்க. வேண்டுவன ஓர் அளவுகோல், ஒரு கைவிளக்கு, பெட்டியின் முன் மைக்கை நகர்த்த ஒரு நண்பன், மிக்ஸரின் அருகே பொறுமையாகக் கேட்க இரு செவி. விலையுயர்ந்த மைக்கைத் தவறான இடத்தில் வைத்தால், அது தவறான ஒலியை மிகத் தெளிவாகப் பதியும்.

இதில் இத்துணைக் கவலை கொள்வானேன் என்பார்க்கு இறுதியாக ஒன்று கூறுவோம். மாந்தர் பேச்சில் மெய்யெழுத்துக்களைப் பிரித்து அறிவிக்கும் ஒலிகள் பெரும்பாலும் 2,000 முதல் 4,000 அதிர்வு வரை உள்ள பகுதியில் இருக்கின்றன. அதற்கு மேலும் சில உண்டு. கித்தாரின் கடுமை சென்று அமர்வதும் அதே பகுதியில்தான். ஆதலின் கடுமை செவிக்கு நோவு தருவதோடு நில்லாது, பாட்டின் சொல்லையும் விழுங்குகின்றது. உயிரெழுத்துக்கள் நீண்டு கேட்கும்; மெய்கள் தேய்ந்து மறையும். 'பற்று' என்றதும் 'பட்டு' என்றதும் வேறுபாடின்றிச் செவியில் விழுமாயின், கீர்த்தனை இயற்றினோர் எதுகையும் மோனையும் அமைத்து உழைத்த உழைப்பு யாதாகும்? ஆலயத்திற் பாடுவது சொல்லின் பொருட்டு. தெளிவாக ஒலியாத கருவியால் பயனில்லை என்பதைப் பவுல் அப்போஸ்தலர் கொரிந்தியர்க்கு எழுதிய முதல் நிருபத்தின் 14-ஆம் அதிகாரத்தில் எக்காளத்தை எடுத்துக்காட்டி உணர்த்துகின்றார். அவர் எக்காளத்தை விலக்கச் சொல்லவில்லை; தெளிவாக ஊதவே சொல்கின்றார். மின்கித்தாருக்கும் அந்நியாயமே பொருந்தும்.

மேலும் ஒரு கேடு உண்டு. கடுமையான பதிவைக் கேட்ட பெரியோர் கருவியை விலக்குகின்றனர். கருவியை விலக்கும்பொழுது அதனை வாசித்த இளைஞனையும் விலக்கிவிடுகின்றனர். ஆறு மாதம் பயின்று வந்த ஒருவனை, மைக் நின்ற இடத்தின் குற்றத்துக்காகப் பின்வரிசைக்கு அனுப்புவது நீதியாகாது. "அவனைக் குறைத்து வை" என்று மிக்ஸர் அருகில் இருப்பவரிடம் கூறுமுன், "மைக்கைச் சற்று நகர்த்திப் பார்" என்று கூறுவோமாயின், சொல்லும் காக்கப்படும், இளைஞனும் காக்கப்படுவான்.

ஆகவே நம் கல்லூரி இசைக்குழுவைச் சார்ந்த நண்பர்களையும், ஊர்தோறும் திருச்சபைகளிற் பாடகர் குழுவை நடத்திவரும் பழைய மாணவரையும் யாம் வேண்டிக்கொள்வது இது: அடுத்த முறை பதிவு செய்யும்பொழுது பதினைந்து நிமிடம் முன்னதாகவே வந்து, திருகு எதனையும் தொடாது, மைக்கை மட்டும் நகர்த்தி நகர்த்திக் கேளுங்கள். நடுமையத்தினின்று விளிம்புக்கும், நேர்முகத்தினின்று சாய்வுக்கும், அண்மையினின்று சற்றே சேய்மைக்கும் கொண்டுசென்று கேளுங்கள். வாசித்த இளைஞனையும் அருகில் அழைத்துக் கேட்கச் செய்யுங்கள். கருவியின்மேல் தீர்ப்புச் சொல்வதை அதன்பின் வைத்துக்கொள்ளலாம்.